ஸ்வீடிஷ், நார்வேஜியன் உச்சரிப்பை ஒலிக்குறிகளில் எழுதுவது எப்படி?

ஸ்வீடிஷோ நார்வேஜியனோ படிக்கத் தொடங்கும் தமிழர் பெரும்பாலும் ஒரு நோட்டில் சொல்லை எழுதி, பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்வார்கள். பத்துச் சொல் வரை இது ஓடும். பிறகு சிக்கல். தமிழில் பகரம் ஒன்றுதான். இந்த மொழிகளுக்கு இரண்டு தேவை. உகரத்துக்கும் இகரத்துக்கும் இடையில் அவர்களிடம் இன்னும் இரண்டு உயிர்கள் உண்டு; நம்மிடம் இல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, ஆங்கிலத்தைத் தமிழில் எழுதிப் பழகிய கை. அது போடக்கூடாத இடத்தில் எல்லாம் டகரத்தைப் போட்டுவிடும். எந்த மொழி ஒலியையும் எழுத உதவும் அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கின் (ஐபிஏ) குறிகளில் முப்பது தெரிந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்தக் குறிகள் பல போன்களில் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதனால் கீழே ஒவ்வொரு குறியையும் அதன் உருவத்தாலும் யூனிகோட் எண்ணாலும் சொல்லியிருக்கிறது. எண்ணைத் தட்டினால் குறி வந்துவிடும் (படி 3). இன்னொன்று: கீழே டீ என்று எழுதியிருந்தால் டைகரின் முதல் ஆங்கில எழுத்து, டி என்றிருந்தால் டாலரின் முதல் எழுத்து. எழுத்து, குறி, எண் என்று சொல்லும் இடங்களில் வரும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகியவையும் ஆங்கில எழுத்துகளே; தமிழ் உயிர்களை அகரம், ஈகாரம் என்றே சொல்லியிருக்கிறது.

படி 1: எந்த ஊர்ப் பேச்சு என்று முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் ஒரு சொல்கூட எழுதாதீர்கள். நார்வேயில் பேச்சுக்கென்று அரசு அங்கீகரித்த ஒரே தரம் கிடையாது; ஆசிரியர், மருத்துவர், செய்தி வாசிப்பவர் எல்லாரும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள். பாடநூல் ஒலிப்பதிவுகளில் அதிகம் வருவது ஒஸ்லோவைச் சுற்றிய கிழக்குப் பேச்சு. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பக்கத்து நடுப்பேச்சைப் பொதுத்தரமாகக் கொள்வார்கள்.

மாற்றம் சின்னதல்ல. பெர்கன், ஸ்தவாங்கர், கிறிஸ்தியான்சாந்த் ஊர்களிலும், ஸ்வீடனின் தென்கோடியான ஸ்கோனெயிலும் (மால்மோ அங்கேதான்) ரகரம் தொண்டையிலிருந்து வரும். அங்கே படி 6-இல் சொல்லும் ஒலி உருகல் நடக்காது. பின்லாந்து ஸ்வீடிஷில் படி 8-இன் சுரவேறுபாடும் இல்லை. இலங்கைத் தமிழர் மீன் ஆலை வேலைக்குப் போய்க் குடியேறிய ஃபின்மார்க்கிலும் அந்த வேறுபாடு இல்லாத பகுதிகள் உண்டு.

நீங்கள் வாழும் ஊர் தெரிந்தால் அந்தப் பேச்சையே எடுங்கள். இன்னும் போகவில்லை என்றால் ஒஸ்லோ அல்லது ஸ்டாக்ஹோம். நோட்டின் முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிடுங்கள். ஒரே பட்டியலில் இரண்டு ஊர்ப் பேச்சைக் கலப்பதுதான் தொடக்கக்காரர் செய்யும் முதல் தவறு. இணைய அகராதிகளிலேயே ஒரு சொல்லுக்கு ஒஸ்லோ, அடுத்த சொல்லுக்குப் பெர்கன் என்று கலந்து கிடக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்தால் உங்கள் பட்டியலும் அப்படியே ஆகும்.

படி 2: என்னென்ன தேவை, எவ்வளவு செலவு

ஒலியுள்ள அகராதி ஒன்று. நார்வேஜியனுக்கு லெக்சின், குடியேறியவர்களுக்காக உருவாக்கியது, தமிழ்ப் பொருளும் தரும், இலவசம். நார்வே மொழிமன்றமும் பெர்கன் பல்கலைக்கழகமும் நடத்தும் பூக்மோல் (நார்வேஜியனின் இரண்டு எழுத்து வடிவங்களில் அதிகம் புழங்குவது) அகராதி எழுத்துக்கூட்டலுக்கும் இலக்கணத்துக்கும் சிறந்தது. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் உச்சரிப்புத் தராது. அதில் உச்சரிப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்வீடிஷுக்கு ஸ்வீடிஷ் அகாடமியின் அகராதிகள் ஒரே தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்வீடனுக்கும் தனி லெக்சின் உண்டு. ட்ரொண்ட்ஹைமில் உள்ள என்டிஎன்யு பல்கலைக்கழகத்தின் கால்ஸ்ட் என்ற கேட்டல் பயிற்சியும் இலவசம். நான்கு நார்வே வட்டாரங்களில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

எழுத்துரு: சாரிஸ், டூலோஸ், ஜென்டியம் மூன்றில் ஒன்று போதும். மூன்றும் இலவசம். சுர வளைவைக் கண்ணால் பார்க்க ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் மென்பொருள், அதுவும் இலவசம். சொற்களை மனத்தில் ஏற்ற ஆன்கி என்ற செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. மைக் உள்ள சாதாரண ஹெட்போன் இருந்தால் போதும், தனி மைக் வாங்க வேண்டாம்.

அகராதிகள் தரும் உச்சரிப்பை அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு நாட்டு அகராதிகளும் பெரும்பாலும் தங்களுடைய சொந்தக் குறிமுறையில் எழுதுகின்றன. ஒவ்வொன்றின் முன்னுரையிலும் குறிவிளக்கப் பக்கம் இருக்கும். அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெடுங்கணக்குக் குறிக்கு மாற்றி எழுதுங்கள்.

படி 3: குறிகளைத் தட்டச்சு செய்வது

வேர்டிலும் லிப்ரேஆபீஸிலும் யூனிகோட் எண்ணைத் தட்டி, உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். 0282 என்று தட்டி அழுத்தினால் வால் வைத்த எஸ் வரும். மேக்கில் விசைப்பலகைப் பட்டியலில் யூனிகோட் ஹெக்ஸ் இன்புட்டைச் சேர்த்து, ஆப்ஷன் விசையைப் பிடித்தபடி நான்கு இலக்கத்தைத் தட்ட வேண்டும். கூகுள் டாக்ஸில் சிறப்பு எழுத்துகள் பெட்டியில் எண்ணைத் தேடலாம். குறியின் உருவத்தை மவுசால் வரைந்தும் தேடலாம்.

வேர்டில் ஒரு பொறி: எண்ணுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால், அதையும் எண்ணின் பகுதியாக எடுத்துக்கொண்டு வேறு குறியைத் தந்துவிடும். இடைவெளி விட்டுத் தட்டி, குறி வந்தபின் இடைவெளியை அழியுங்கள்.

போலிக் குறிகள் மூன்றைத் தவிர்க்க வேண்டும். நீட்டல் குறி இரண்டு சிறு முக்கோணங்கள் ஒன்றையொன்று பார்ப்பது போல இருக்கும் (02டி0), முக்காற்புள்ளி அல்ல. அழுத்தக்குறி மேலே நிற்கும் சிறு செங்குத்துக் கோடு (02சி8). ஒற்றை மேற்கோள் அல்ல. நெடில் ஆகாரத்துக்கு உரியது கையெழுத்தில் எழுதும் வட்ட ஏ (0251). அச்சில் வரும் கொண்டை ஏ வேறு ஒலி. ஸ்வீடிஷில் இவை இரண்டும் தேவை. கண்ணாடிக்கான சொல்லில் நீண்ட வட்ட ஏ. அதிலேயே இன்னொரு எஸ் சேர்த்தால் கிடைக்கும் ஐஸ்கிரீமில் குறுகிய கொண்டை ஏ.

படி 4: முதலில் நீளத்தைக் குறியுங்கள்

உயிரா மெய்யா என்று குழம்புவதற்கு முன் நீளத்தைத் தீர்த்துவிடுங்கள். அழுத்தம் விழும் அசையில் விதி ஒன்றுதான்: உயிர் நெடிலானால் அடுத்த மெய் குறுகும், உயிர் குறிலானால் அடுத்த மெய் நீளும். "பாடு", "பட்டு" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதல்ல. கூரைக்கு "தாக்", நன்றிக்கு "தக்க்". முதலாவதில் நீட்டல் குறி உயிருக்குப் பின். இரண்டாவதில் மெய்க்குப் பின்.

எழுத்தில் மெய் இரட்டித்திருந்தால் உயிர் குறில் என்று பொதுவாகக் கொள்ளலாம். மகரத்தில் முடியும் சொற்கள் ஏமாற்றும். அறை, வீட்டுக்கு என்ற பொருள் தரும் சொற்களில் இரண்டு மொழியிலும் ஒற்றை எம்தான் எழுதுவார்கள். ஒலிப்பதோ குறில் உயிரும் நீண்ட மகரமும். ஸ்வீடிஷில் நண்பனுக்கான சொல்லில் னகரமும் இப்படித்தான்: எழுத்தில் ஒன்று, வாயில் "வென்ன்".

நம் பக்கத்துப் பொறி: மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் அறியாமலே ஓர் உகரத்தைச் சேர்ப்பது. பஸ்ஸு, பேக்கு என்பது போல "தக்கு" என்றால் நார்வேக்காரர் காதில் ஈரசைச் சொல்லாக விழும். ஈரசை ஆனதும் சுரமும் மாறலாம். எழுதும்போது சொல்லின் கடைசியில் உயிர்க்குறி இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இல்லையென்றால் வாயிலும் இருக்கக் கூடாது.

படி 5: உயிர்கள்

நான்கு நார்வேஜியன் சொற்களை எடுங்கள். நான்கும் ஒரே பகர ஒலியில் (பஸ்ஸில் வருவது) தொடங்கி ஒரு நெடிலில் முடிகின்றன. தேனீ, நகரம், சிறு கொட்டகை, வசிப்பது. எழுத்தில் கடைசி எழுத்து முறையே ஐ, ஒய், யூ, ஓ.

தேனீயில் நம் ஈகாரம், குறி ஐ. நகரத்தில் நாக்கு ஈகாரத்திலேயே நிற்க, உதட்டை மட்டும் விசிலடிப்பது போலக் குவியுங்கள், குறி ஒய். வசிப்பதில் நம் ஊகாரம். எழுத்தில் ஓ இருந்தாலும் குறி யூ. கொட்டகையில்தான் வேலை: நாக்கு ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் நடுவே, உதடு நன்றாகக் குவிந்து. குறி, குறுக்குக்கோடு போட்ட யூ (0289). தமிழில் நான்கையும் "பீ, பீ, பூ, பூ" என்றுதான் எழுத முடியும். நகரமும் தேனீயும் ஒன்றாகிவிடும். ஒலிக்குறி ஏன் தேவை என்று யாராவது கேட்டால் இந்த நான்கைக் காட்டுங்கள். (ஸ்வீடிஷில் நகரத்துக்கான அந்தச் சொல் கிராமத்தைக் குறிக்கும்; ஒலி கிட்டத்தட்ட அதே.)

எழுத்தில் ஓ இருந்தால் குறி யூ, எழுத்தில் யூ இருந்தால் குறுக்குக்கோட்டு யூ என்ற இந்த இடமாற்றம் முதல் இரண்டு வாரம் படுத்தும். புத்தகத்துக்கு இரண்டு மொழியிலும் "பூக்" என்று ஒலி, எழுத்தில் ஓ. நம் ஓகாரம் வருவது வளையம் வைத்த ஏ எழுத்தில். ஆனால் எழுத்தில் ஓ உள்ள குறில்களில் பல ஒகரமாகவே ஒலிக்கும். அதற்குத் திருப்பிப்போட்ட சி (0254). கோப்பைக்கான சொல் அப்படிப்பட்டது. எது எப்போது என்பதற்கு நம்பத்தகுந்த விதி கிடையாது. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒஸ்லோ என்ற பெயரையே பாருங்கள். அங்குள்ளவர் வாயில் இரண்டு ஓ எழுத்தும் உகரச் சாயல்தான். எஸ்ஸும் எல்லும் சேர்ந்த இடத்தை "ஸ்ல" என்பவரும் உண்டு, "ஷ்ல" என்பவரும் உண்டு. "உஷ்லு" என்று கேட்டால் ஒலிப்பதிவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

ஸ்வீடிஷுக்கு மட்டும்: யூ எழுத்து குறிலானால் குறுக்குக்கோட்டு யூவை எழுதாதீர்கள். நடுவில் கோடு போட்ட வட்டம் (0275) எழுதுங்கள். வீட்டில் நெடில், நாயில் குறில். இரண்டும் கேட்க வேறு வேறு.

ரகரத்துக்கு முன் எகர வகை உயிர்கள் வாய் அகன்று ஆங்கில "கேட்" உயிராக மாறும். அதற்கு ஏ-யும் ஈ-யும் ஒட்டிய குறி (00ஈ6). "இங்கே" என்பதற்கான சொல் இரண்டு மொழியிலும் இப்படி. ஸ்வீடிஷில் புள்ளி வைத்த ஓ-வும் ரகரத்துக்கு முன் திறந்து, ஓ-வும் ஈ-யும் ஒட்டிய குறிக்கு (0153) மாறும். மற்ற நெடில்களில் சாய்கோடு போட்ட ஓ (00எஃப்8). சொல்லின் கடைசியில் அழுத்தமில்லாமல் வரும் ஈ எழுத்துக்கு நார்வேஜியனில் தலைகீழ் ஈ (0259). ஸ்வீடிஷில் அதே இடத்தில் பெரும்பாலும் தெளிவான அகரம் நிற்கும்.

படி 6: ஐந்து நாவளை ஒலிகள்

தமிழருக்கு இங்கே ஒரு சொத்து இருக்கிறது. ஆனால் பலர் அதைத் தப்பான இடத்தில் செலவழித்துவிடுகிறார்கள்.

ஒஸ்லோவிலும் ஸ்டாக்ஹோமிலும் ரகரத்தை அடுத்துப் பல்லொலி (நாக்குநுனி பல்லருகே ஒலிக்கும் மெய்) ஒன்று வந்தால் இரண்டும் உருகி, நாக்கை மடித்து ஒலிக்கும் ஒரே ஒலியாகும். ஆரும் டீயும் சேர்ந்தால் பட்டில் வரும் ட் (0288). ஆரும் டியும் சேர்ந்தால் வண்டியில் வரும் ட் (0256). ஆரும் என்னும் சேர்ந்தால் கண்ணில் வரும் ண் (0273). ஆரும் எல்லும் சேர்ந்தால் பள்ளத்தில் வரும் ள் (026டி). ஆரும் எஸ்ஸும் சேர்ந்தால் ஷ் (0282). ஐந்து குறியிலும் வழக்கமான எழுத்தின் காலில் வலப்பக்கம் வளைந்த வால் இருக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இவற்றைப் பிரித்துக் கேட்கவே திணறுவார். நமக்கு ஐந்தும் வாயில் தயாராக இருக்கின்றன.

பிறகு எங்கே தவறுகிறோம்? ஆங்கில டீயைத் தமிழில் எப்போதும் டகரமாக எழுதிப் பழகிவிட்டோம்: டீ, டாக்டர், டிக்கெட். அதே கையோடு நார்வேஜியன் பூனையை "கட்" என்று எழுதுகிறோம். அது பூனை அல்ல. அங்கே சாதாரண டீ நம் தகரத்தை ஒட்டிய பல்லொலி, பூனை "கத்த்". "கட்ட்" என்றால் வரைபடம். எழுத்தில் நடுவே ஓர் ஆர் இருக்கும். ஸ்வீடிஷில் தட்டு "ஃபாத்". "ஃபாட்" என்றால் வேகம். ஆகவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எழுத்தில் முன்னால் ஆர் இல்லாவிட்டால் தகரம், ஆர் இருந்தால் டகரம். உங்கள் பழைய நோட்டில் உள்ள டகரங்களை இந்த விதியால் ஒருமுறை சல்லடை போடுங்கள். பாதிக்கு மேல் வெட்டுப்படலாம்.

பல்லொலித் தகரத்திலும் ஒரு வேறுபாடு: சொல் முதலில் வரும் ககர, தகர, பகர வல்லினங்களோடு அவர்கள் மூச்சையும் சேர்த்து வெளியேற்றுவார்கள். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்தால் காற்று படும். நம் வல்லினத்தில் அது இல்லாததால், "பார்" என்ற தமிழ்ச் சொல்லின் பகரத்தைச் சொன்னால் பஸ்ஸின் பகரமாக அவர்களுக்குக் கேட்கும். பரும்படியாக (ஒலியை வேறுபடுத்தும் அளவுக்கு மட்டும்) எழுதினால் இதைக் குறிக்கத் தேவையில்லை. நுணுக்கமாக எழுதினால் மேலே சிறிய ஹெச் (02பி0). எஸ்ஸுக்கு அடுத்து வந்தால் மூச்சு வராது, அங்கே போடாதீர்கள்.

நாவளைவு சொல் எல்லையைத் தாண்டும். நார்வேஜியனில் "உன்னிடம் இருக்கிறதா" என்று கேட்கும்போது முதல் சொல்லின் கடைசி ஆரும் அடுத்த சொல்லின் முதல் டியும் கலந்து வண்டியின் டகரமாகும். ஒருவரை மறுபடி சந்திக்கும்போது "போன சந்திப்புக்கு நன்றி" என்று சொல்லும் மரபுத் தொடர் உண்டு. அதன் கடைசி இரண்டு சொற்கள் "ஃபொ ஷிஸ்த்" என்று ஒலிக்கும். அடுத்தடுத்த மெய்களுக்கும் இது தொற்றும்: குழந்தைத்தனமான என்ற சொல்லில் ஆருக்குப் பின் என், எஸ் இரண்டும் மடிந்து "பாண்ஷ்-" ஆகிவிடும்.

ஆர்-டி சேர்க்கையில் மட்டும் நாடுகள் பிரியும். சொல், மேசை இரண்டுக்கும் ஸ்வீடிஷில் கடைசியில் வண்டியின் டகரம் கேட்கும். அதே எழுத்துக்கூட்டல் கொண்ட நார்வேஜியன் சொற்களில் டி ஒலிப்பதே இல்லை, ரகரத்தோடு நின்றுவிடும். "தயார்" என்பதற்கான நார்வேஜியன் சொல்லில் மறுபடி டகரம் வரும். ஸ்வீடிஷ் படித்துவிட்டு நார்வே போனவர் இதில் மாட்டுவார்.

ழகரத்தை எங்கும் பயன்படுத்தாதீர்கள். கிழக்கு நார்வேயின் நாட்டுப்புறப் பேச்சில் "தடித்த எல்" என்று ஒன்று உண்டு; சூரியன் என்ற சொல்லில் கேட்கலாம். பலர் அதை ழ என்று குறிக்கிறார்கள். அது நாக்கு மடிந்து ஒருமுறை தட்டி விழும் ஒலி. "பாடம்" என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் டகரத்துக்குத்தான் அது நெருக்கம். குறி, வால் வைத்த ஆர் (027டி).

படி 7: ஷகரக் குடும்பம்

நார்வேஜியனில் எஸ்-ஜே, எஸ்-கே-ஜே கூட்டுகளுக்கு ஷகரமே எழுதலாம்; ஒஸ்லோவில் ஆர்-எஸ் கூட்டின் ஒலியும் இதுவும் ஒன்றாகிவிட்டன. கே-ஜே கூட்டுக்கு வேறு ஒலி. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லில் வைத்து, நடுநாக்கை அண்ணத்தருகே உயர்த்தி "ஹி" என்று காற்றை மட்டும் விடுங்கள். குறி, கீழே கொக்கி வைத்த சி (00ஈ7). இன்றைய இளைஞர் பலர் இதையும் ஷகரமாகவே சொல்கிறார்கள், பெரியவர்கள் திட்டவும் திட்டுகிறார்கள். ஒலிப்பதிவில் ஷகரம் கேட்டாலும் பழைய ஒலியையே எழுதுங்கள். அதை ஷகரமாக மாற்றிச் சொல்வது சுலபம், திரும்பிப் பிரிப்பதுதான் கடினம்.

ஸ்வீடிஷில் இதற்கு நிகரான ஒலிக்குச் சுருள் வால் வைத்த சி (0255). இருபது என்ற எண் இதில் தொடங்கும். ஏழு என்ற எண் தொடங்குவதோ பேர்போன இன்னொரு ஒலியில். குறி, மேலே கொக்கியும் கீழே வாலும் கொண்ட ஹெச் (0267). ஸ்டாக்ஹோமில் உதட்டைக் குவித்து, வாயின் பின்பகுதியில் உரசும் "ஹ்வ" போல வரும். வட ஸ்வீடனில் ஷகரமே. இரண்டையும் ஒரே குறியால் எழுதிவிட்டு, ஊரை மட்டும் பக்கத்தில் குறிப்பது புத்திசாலித்தனம். நெடுங்கணக்கு அட்டவணை இந்தக் குறிக்குத் தரும் விளக்கத்தைப் பார்த்து, இரண்டு உரசொலிகளை ஒரே நேரத்தில் ஒலிக்க முயன்று தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த விளக்கத்தை ஒலியியலாளர்களே முழுதாக ஏற்பதில்லை.

படி 8: சுரம்

அழுத்த அசையோடு வரும் இசைக்கு இரண்டு வகை. சுரம் ஒன்று, சுரம் இரண்டு. நார்வேஜியனில் விவசாயிகள் என்பதற்கும் அவரைகள் என்பதற்கும் மெய், உயிர், நீளம் எல்லாம் ஒன்றே; விவசாயிகளுக்குச் சுரம் ஒன்று, அவரைகளுக்குச் சுரம் இரண்டு. எழுத்திலாவது அவை வேறுபடும். "அந்தத் தொட்டி", "அந்த எண்ணம்" என்ற இரண்டுக்கும் இரண்டு மொழியிலும் எழுத்தும் ஒன்றே, சுரம் மட்டுமே வேறு. இப்படி எழுத்தொத்த சொற்களில் மொழிபெயர்ப்புச் செயலிகளின் இயந்திரக் குரலை நம்பாதீர்கள்; தனிச் சொல்லைக் கொடுத்தால் எந்தப் பொருளை எடுத்தது என்று தெரியாது.

எப்படி எழுதுவது? நெடுங்கணக்கில் இதற்கென்று எல்லாரும் ஏற்ற தனிக் குறி இல்லை. தொடக்கக்காரருக்கு நல்ல வழி, அழுத்த அசைக்கு முன் மேலேறிய சிறிய 1 அல்லது 2 போடுவது (00பி9, 00பி2). எண்ணைத் தட்டி வடிவமைப்பில் மேலேற்றாதீர்கள். நகலெடுக்கும்போது கீழே விழுந்து சாதாரண எண் ஆகிவிடும். ஸ்வீடிஷ் அகராதிகளில் வலச்சாய்வுக் கோடு சுரம் ஒன்றையும் இடச்சாய்வுக் கோடு சுரம் இரண்டையும் குறிக்கும். நெடுங்கணக்கிலோ அதே கோடுகளுக்கு உயர்சுரம், தாழ்சுரம் என்று வேறு பொருள். அப்படியே படியெடுத்தால் நீங்கள் எழுதியதை வேறொருவர் தப்பாகப் படிப்பார்.

எந்தச் சுரம் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரசைச் சொல்லுக்குச் சுரம் ஒன்று. அதோடு "அந்த" என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்து ஈரசை ஆனாலும் ஒன்றே. அழுத்தமில்லா உயிரில் முடியும் ஈரசை வினைப் பகுதிகள் பெரும்பாலும் இரண்டு. ஸ்டாக்ஹோமில் கூட்டுச்சொற்கள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு. நார்வேஜியன் எடுத்துக்காட்டு: "அந்த வானிலை" என்பதன் கடைசி டீ ஒலிக்காது, அதனால் அது "இருப்பது" என்ற வினையோடு ஒலியில் ஒத்துவிடும்; வானிலைக்குச் சுரம் ஒன்று, வினைக்கு இரண்டு.

காது ஏற்காவிட்டால் கண்ணால் பாருங்கள். பிராட்டில் ஒலிக்கோப்பைத் திறந்து சுருதி வளைவைக் காட்டச் சொல்லுங்கள். ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று எல்லை வையுங்கள். இல்லாவிட்டால் வளைவு துண்டுதுண்டாகக் குதிக்கும். ஒஸ்லோவில் சுரம் ஒன்று தாழ்ந்து தொடங்கி ஏறும். சுரம் இரண்டு உயர்ந்து தொடங்கி, விழுந்து, கடைசியில் மறுபடி ஏறும். ஸ்டாக்ஹோமில் தனியாகச் சொன்ன சொல்லில் சுரம் ஒன்றுக்கு ஒரு மேடு, இரண்டுக்கு இரண்டு மேடு. மேற்கு நார்வேயில் சுரம் ஒன்று உயரத்தில் தொடங்குவதால் ஒஸ்லோ வளைவை அங்கே பொருத்தாதீர்கள். 1, 2 என்ற எண்களோ எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கும். வளைவை வரையாமல் எண்ணைப் போடச் சொல்வது அதனால்தான்.

படி 9: ஒரு சொல்லை முழுதாக எழுதிப் பாருங்கள்

சட்டை. எழுத்தில் எஸ், கே, ஜே, ஓ, ஆர், டீ. கடைசியில் ஸ்வீடிஷில் ஏ, நார்வேஜியனில் ஈ. ஆக ஏழு எழுத்து.

ஈரசை, அழுத்தம் முதல் அசையில், சுரம் இரண்டு. முதலில் மேலேறிய 2. முதல் மூன்று எழுத்தும் ஒரே ஒலி: ஸ்டாக்ஹோமில் கொக்கி ஹெச், ஒஸ்லோவில் வால் எஸ். ஓ எழுத்து குறில் உகரம். குறி, குதிரை லாடத்தைக் கவிழ்த்தாமல் வைத்தது போன்ற யூ (028ஏ). ஆரும் டீயும் உருகிப் பட்டின் டகரம். உயிர் குறில் என்பதால் அதற்குப் பின் நீட்டல் குறி. கடைசியில் ஸ்வீடிஷில் கொண்டை ஏ, நார்வேஜியனில் தலைகீழ் ஈ. ஏழு எழுத்தில் நான்கு ஒலி. ஒஸ்லோச் சட்டை நம் காதுக்கு "ஷுட்டெ" என்றே விழும். பெர்கனில் தொண்டை ரகரமும் தகரமும் தனித்தனியாக நிற்கும்.

ஒலியை வேறுபடுத்தும் அளவுக்கு மட்டும் எழுதினால் இருபுறமும் சாய்கோடு. மூச்சு, ஊர்ச்சாயல் வரை எழுதினால் சதுர அடைப்பு. முதல் நூறு சொற்களுக்குச் சாய்கோடே போதும்.

படி 10: நேரமும் கோப்பும்

முதல் நாளிலேயே வாக்கியத்தில் கை வைக்காதீர்கள். நாளைக்கு அரைமணி, ஐந்து சொல். முதல் வாரம் நீளமும் உயிரும் மட்டும், இரண்டாம் வாரம் நாவளை ஒலிகள், மூன்றாம் வாரத்திலிருந்து சுரம். எழுதியதை மூன்று நாள் கழித்து, ஒலியைக் கேட்காமல் குறியைப் பார்த்து மட்டும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அசல் ஒலியோடு ஒப்பிடுங்கள்.

"நான்", "அது", "என்னை", "அவர்கள்" போன்ற அன்றாடச் சிறு சொற்களை எழுத்தைப் பார்த்து எழுதவே கூடாது. ஸ்வீடிஷில் "அவர்கள்" என்பதற்கு எழுத்தில் இரண்டே எழுத்து; வாயில் "தொம்" என்று மகரமும் சேர்ந்து வரும் (தகரம் தந்தத்தின் நடுவில் வருவது போல). இவற்றில் இருபதை முதலிலேயே தனித் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் வரும்.

கோப்பில் ஆறு பத்தி: எழுத்து, ஒலிக்குறி, சுரம், ஊர், பொருள், ஒலிக்கோப்பின் பெயர். சுரத்தைத் தனிப் பத்தியிலும் வைத்தால் சுரம் இரண்டை மட்டும் வடிகட்டிப் பயிற்சி செய்யலாம். எக்செலில் இருந்து ஆன்கிக்கு ஏற்றும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையில் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் குறிகள் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப வராது. அழுத்தக்குறிக்குப் பதில் சோம்பலில் ஒற்றை மேற்கோளைச் சொல்லின் முன்னால் தட்டியிருந்தால், எக்செல் அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு கட்டத்திலிருந்து மறைத்துவிடும். ஏற்றுவதற்கு முன் அந்தப் பத்தியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.